புது ஊரில் கமராக்காரர்: இலங்கையில் படப்பிடிப்புத் தொழில் வாடிக்கை தேடிய வரலாறு

19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் படம் பிடித்துப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்குப் புதியவர்கள். கப்பலில் வந்து இறங்கி, கொழும்பிலோ கண்டியிலோ ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து, அறிந்த முகம் இல்லாத ஊரில் வாடிக்கை தேடினார்கள். இன்று மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானிலிருந்து கமராவுடன் மட்டக்களப்பு நகருக்கோ கொழும்புக்கோ தொழில் தேடிப் போகும் இளைஞருக்கும் அதே பாடுதான். படம் எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது; எடுக்கப்போகும் படத்தை நம்பி ஒருவர் முன்பணம் தர வேண்டும். அந்த நம்பிக்கை காலத்துக்குக் காலம் யார் வழியாகக் கிடைத்தது என்பதில்தான் இத்தொழிலின் வரலாறு அடங்கியிருக்கிறது.

1839இல் பாரிசில் டாகேரின் படம்பிடிக்கும் முறை அறிவிக்கப்பட்டது. 1852இல் கல்கத்தாவிலிருந்து பிரெடரிக் ஃபீபிக் இலங்கைக்கு வந்தார். கல்லச்சு ஓவியராகத் தொழில் தொடங்கியவர் அவர். காகித நெகட்டிவில் கட்டடங்களையும் தெருக்களையும் எடுத்து, அச்சிட்ட படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார். கல்கத்தா, சென்னை, இலங்கை முதலிய இடங்களில் அவர் எடுத்த சுமார் 500 படங்களை 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. முகப்படம் எடுக்க ஆள் வருமா என்று காத்திராமல், முதலில் படங்களை எடுத்துச் சேர்த்து, பிறகு பெரிய கையொன்றைப் பார்த்து விற்பது அவர் கண்ட வழி.

அடுத்து வந்த ஈரத்தகட்டு முறை இத்தொழிலை ஓரிடத்தில் நிலைகொள்ளச் செய்தது. பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட முறை இது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் விட வேண்டும். வெப்பநாட்டில் தகடு விரைவில் காய்ந்துவிடும். கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். பக்கத்திலேயே இருட்டறையோ இருட்டுக் கூடாரமோ வேண்டும். இத்தனை சாமான்களோடு ஊர் ஊராகத் திரிவது பெருஞ்செலவு. ஆகவே நல்ல வெளிச்சமுள்ள ஸ்டூடியோ ஒன்றை அமைத்து, வாடிக்கையாளரைத் தன்னிடம் வரவழைப்பவரே நிலைத்தார்.

இப்படி நிலைத்தவர்கள் பலர் ஏதோ ஓர் அறிமுகத்தின் துணையோடுதான் தொடங்கினார்கள். கொழும்பின் புகழ்பெற்ற ஸ்கீன் நிறுவனத்துக்குப் பின்னால் இருந்தவர் அரசாங்க அச்சகத் தலைவர் வில்லியம் ஸ்கீன். அவருடைய மகன் வில்லியம் லூயி ஹென்றி ஸ்கீன் லண்டனில் தொழில் பயின்று 1860களில் கொழும்பில் பொறுப்பேற்றார். கண்டிக்கு வந்த ஜோசப் லோட்டனும் சார்ல்ஸ் ஸ்கோவனும் முதலில் வியாபார முகவர்களிடம் வேலை பார்த்தவர்கள். அந்த வேலையில் தோட்டத்துரைமாரின் பழக்கமும் ஊரின் நடப்பும் பிடிபட்ட பிறகே, லோட்டன் 1866 அளவிலும் ஸ்கோவன் 1876 அளவிலும் சொந்த ஸ்டூடியோ திறந்தார்கள். அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுக்கும் அரச வேலை 1870இல் லோட்டனுக்குக் கிடைத்தது. காட்டுக்குள் செய்த அந்தக் கடும் உழைப்பே அவர் பெயரை இன்றுவரை வைத்திருக்கிறது.

விளம்பரத்துக்கு அக்காலம் கண்ட மிகச் சிறந்த கருவி, படம் ஒட்டிய அட்டையின் பின்புறம். 1854இல் பிரான்சில் டிஸ்டேரி உரிமம் பெற்ற சிறிய அட்டைப்படம் உலகமெங்கும் பரவியது. அட்டையின் அளவு ஏறக்குறைய 64க்கு 100 மில்லிமீற்றர். முன்புறத்தில் வாடிக்கையாளரின் உருவம்; பின்புறத்தில் ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும், பிரபுக்களின் ஆதரவு இருந்தால் அதுவும், பெற்ற பதக்கங்களும் அலங்கார எழுத்தில் அச்சாகியிருக்கும். அடியில், நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பிரதி பெறலாம் என்ற பொருளில் ஒரு வரி வரும். உறவினரும் நண்பரும் படங்களை மாற்றிக்கொண்டு அல்பத்தில் சேர்த்ததால், படத்தோடு படம்பிடித்தவரின் பெயரும் வீடு வீடாகப் போனது. அந்தக் கடைசி வரி விளம்பரமாக மட்டுமன்றி வாக்குறுதியாகவும் இருந்தது: இந்த ஊரை விட்டு ஓடிவிட மாட்டோம், உங்கள் முகம் எங்கள் பொறுப்பில் இருக்கிறது.

1867இல் கொழும்பு – கண்டி ரயில், 1869இல் சுயஸ் கால்வாய், 1885இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு என்று வழிகள் திறந்தபோது, கப்பல் பயணிகள் புதிய வாடிக்கையாளராயினர். அவர்கள் தங்களைப் படமெடுக்க வந்தவர்கள் அல்லர். ஊரைப் படமாக வாங்க வந்தவர்கள். 1890இல் பிளாட்டே தம்பதியர் கொழும்பில் தொடங்கிய நிறுவனம் இதை நன்கு உணர்ந்தது. பயணிகள் தங்கும் பிரிஸ்டல் ஹோட்டலில் இடம்பிடித்து, கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளைகள் வைத்து, தபாலட்டைகளை இலட்சக்கணக்கில் விற்றது. வாடிக்கையாளர் கால்வைக்கும் இடத்தில் கடைவைப்பதும், ஒருமுறை எடுத்த படத்தை ஆயிரம் தடவை விற்பதும் அவர்கள் தொழிலுக்குக் கற்றுக்கொடுத்த பாடங்கள்.

கிழக்கின் கதை வேறு. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல்தான். அதற்கு முன் கமராவுடன் இப்பக்கம் வந்தவர்களில் ஆய்வாளர்களும் உண்டு. 1880களில் சராசின் உறவினர் இருவரும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செலிக்மன் தம்பதியரும் வேடரைப் படமெடுத்துப் பெரிய நூல்களாக வெளியிட்டார்கள். அப்படங்களில் இருந்தவர்கள் யாருக்கும் வாடிக்கையாளர் என்ற தகுதி கிடைக்கவில்லை. எப்படி நிற்பது, எதை உடுத்துவது, எந்தப் படத்தை வீட்டில் வைப்பது என்று தாங்களே முடிவுசெய்யும் உரிமை, கடைத்தெரு ஸ்டூடியோ வந்தபிறகே சாதாரண மக்களின் கைக்கு வந்தது. அந்தச் சிறிய ஸ்டூடியோக்கள் செய்த பெரிய தொண்டு இது.

எல்லா வீட்டுப் படியையும் ஸ்டூடியோவோடு இணைத்தது ஒரு சட்டம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதுவரை படமெடுக்க எண்ணியே பார்த்திராத கமக்காரரும் மீனவரும் முதன்முறையாகக் கமராவின் முன் அமர வேண்டியதாயிற்று. பாடசாலை மாணவருக்கு அதிபர் வழியாகவும் மற்றவருக்குக் கிராம அலுவலர் வழியாகவும் விண்ணப்பம் போனதால், புதிதாக ஸ்டூடியோ திறப்பவருக்கு இவர்களின் அறிமுகம் பத்திரிகை விளம்பரத்தை விடப் பெறுமதியானது. ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் இடையில், வீதியோரம் அமைந்த கிரான் போன்ற ஊர்களின் மக்களுக்கு, சந்தைக்கோ அலுவலகத்துக்கோ போகும் வழியில் முடிக்கும் காரியமாக இது ஆனது.

அடையாள அட்டைப் படம் அன்றாடச் செலவுக்கு. பெயர் வாங்கித் தந்தது கலியாண வீடும் சாமத்திய வீடும். ஸ்டூடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதில் ஊரறிந்த ஒரு முகம், மணமக்கள் இருவர், பட்டுச்சேலையில் ஒரு பெண்பிள்ளை. நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் தொட்டுத் தழும்பை மறைத்து, கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலைக் கரைக்கும் உதட்டுக்கும் மட்டும் மெல்ல நிறமேற்றிய கைவேலை அதில் தெரியும். பார்த்தவர்கள் முதலில் முகத்தை அடையாளம் கண்டு, பிறகுதான் வேலையை மதிப்பார்கள். குடிவழி உறவு இறுகியிருக்கும் மட்டக்களப்பில், ஒரு வீட்டில் குறைசொல்லாமல் வேலை முடித்தவரை அடுத்த விசேஷத்துக்கு அந்த உறவே கைகாட்டும். சொன்ன நாளில் அல்பம் கொடுக்காதவரின் பெயரும் அதே வேகத்தில் பரவும்.

1978 நவம்பர் சூறாவளி, நீண்ட யுத்தம், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை ஆகியவை இப்பகுதி வீடுகளின் அல்பங்களையும் கொண்டுபோயின. யுத்தத்தில் காணாமற்போன மகனின் படமாகத் தாய்மார் ஏந்தி நிற்பது பல வேளைகளில் அடையாள அட்டைக்கென எடுத்துப் பெரிதாக்கிய படமே. அட்டையின் பின்புறத்தில் ஒருகாலம் அச்சிட்ட அந்த வாக்குறுதியின் அருமை இத்தகைய இழப்புகளின் பின்தான் விளங்கும். நெகட்டிவைக் காத்த ஸ்டூடியோ ஊரின் நினைவையே காத்தது.

டிஜிற்றல் கமரா கழுவும் செலவை ஒழித்தது. முகநூலும் வாட்ஸ்அப்பும் கண்ணாடிப் பெட்டியின் இடத்தைப் பிடித்தன. பாசிக்குடாக் கடற்கரையில் எடுத்த ஒரு மணமக்கள் படம் மாலைக்குள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர் கையில் இருக்கிறது. அரசின் அங்கீகாரமும் தொடர்கிறது: 2015 முதல் கடவுச்சீட்டுப் படத்தை அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவே எடுத்து இணையவழி அனுப்ப வேண்டும். ஸ்டூடியோ இல்லாமல் தனியாகத் தொழில் செய்பவருக்கு இந்த வருமானம் கிடைக்காது. அவர் முழுக்க விசேஷ வீடுகளையும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு போன்ற நிகழ்வுகளையும் நம்பியிருக்கிறார்.

இந்த நீண்ட வரலாறு புதிதாக ஓர் ஊருக்குப் போகும் கமராக்காரருக்குத் தரும் முடிவு தெளிவானது. ஊரில் மதிப்புள்ள ஒருவரின் அறிமுகத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் நடமாடும் இடத்தில் தன் வேலையைக் காட்ட வேண்டும். சொன்ன நாளில் கொடுக்க வேண்டும். எடுத்த படத்தை ஆண்டுகள் கழிந்தும் தேடிக் கொடுக்கும்படி பாதுகாக்க வேண்டும். முதல் மூன்றும் வாடிக்கையைக் கொண்டுவரும். நான்காவதுதான் வந்தவரை அந்த ஊர்க்காரர் ஆக்கும்.