நோன்பின் வறட்சியும் நோயின் வறட்சியும்

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டில் ரமலான் மாதத்து அசர் எனும் பிற்பகல் தொழுகை வேளையில் நோன்பாளிகளின் நாக்கெல்லாம் வறண்டுதான் இருக்கும். அதே ஊரில் ஆண்டு முழுவதும் நாக்கு வறண்ட பெண்ணொருத்தியும் இருக்கக்கூடும். நோன்பு திறக்கையில் கஞ்சி இருவருக்கும் இறங்கிவிடும். பேரீச்சம்பழமோ ஒருவருக்கு வாயிலேயே இளகும். மற்றவருக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றித்தான் விழுங்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைக் கீழுதட்டின் உட்புறத்துச் சிறு எச்சில் சுரப்பிகளில் பார்க்கலாம். நோன்பாளியின் சுரப்பியில் எச்சில் ஊறும் நுண்பைகள் திராட்சைக் குலைபோல முழுமையாக நிற்கும். உடலில் நீர் குறைந்தது, மெல்லும் வேலை நின்றது, சுரப்பு தணிந்தது, அவ்வளவே. ஆண்டு முழுவதும் நாக்கை வறளச்செய்யும் ஷோகிரன் நோய் கண்டவரின் சுரப்பியிலோ, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், எச்சில் நாளங்களைச் சுற்றி ஊதாப் புள்ளிகள் மொய்த்திருக்கும். உடலைக் காக்கப் பிறந்த நிணவணுக்கள் அவை. 50 அணுக்களேனும் ஓரிடத்தில் திரண்டால் அது ஒரு குவியம். 4 சதுர மில்லிமீட்டர் திசுவில் ஒரு குவியமாவது இருந்தால், 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் வகுத்த அளவுகோல் அதற்கு 3 புள்ளி தருகிறது. நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கு மேல் எச்சில் ஊறாமைக்கு 1 புள்ளிதான். இது நியாயமான கணக்கு. வறட்சி நோன்பாளிக்கும் உண்டு, குவியம் அவருக்கு இல்லை.

இவ்வளவு விலகி நிற்கும் இரண்டுக்கும் எதிர்பாராத ஓர் உறவு உண்டு. நோயுற்ற சுரப்பியிலும் பல வேளைகளில் நுண்பைகள் கணிசமாக உயிரோடு இருக்கின்றன, இருந்தும் சுரப்பதில்லை. நரம்பின் கட்டளையை வாங்கும் ஏற்பிகள் தடைபடுவது இதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அழிந்ததால் மட்டும் வறளவில்லை, ஓய்ந்திருப்பதாலும் வறள்கிறது. பாங்கு சொன்னபின் எலுமிச்சைச் சாறு நாக்கில் பட்டதும் நரம்பு தட்டுவது எந்த ஏற்பிகளையோ, எச்சிலைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை தட்டுவதும் அவற்றைத்தான்.

காலம்தான் இரண்டையும் மறுபடி பிரிக்கிறது. நோன்பின் வறட்சி சூரியன் மறையும் மக்ரிபோடு தீர்கிறது. நோயிலோ ஆண்டுகள் செல்லச்செல்ல நுண்பைகள் சுருங்கி, அவ்விடத்தில் நாரும் கொழுப்பும் படிகின்றன. தட்டி எழுப்பப் பைகள் மிஞ்சியிருக்கும்போதே மாத்திரை பலிக்கும்.

நோயாளிகளில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். வெயில், வயது, நோன்பு என்று காரணம் சொல்லித் தள்ளிப்போடுவது எளிது. பெருநாள் கழிந்து 3 மாதமாகியும் தண்ணீரில்லாமல் சோறு இறங்கவில்லை, கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்றால், வாதநோய் மருத்துவரைப் பாருங்கள்.