தாடை வீங்கினால் மெடிக்கலுக்கு ஓடுகிற பழக்கம்

எங்கள் சேக்காட்டுப் பக்கம் ஒருத்தருக்குப் பல் வலி வந்து கன்னம் வீங்கிப் போச்சுன்னா, அவர் முதலில் போகிற இடம் மெடிக்கல் ஷாப்தான். "தம்பி, பல்லு வலிக்கு மாத்திரை குடு, கூடவே அந்தக் கேப்ஸ்யூல் ரெண்டு வேளைக்குக் கட் பண்ணிக் குடு" என்பார். கடைக்காரரும் அட்டையைக் கத்திரியால் வெட்டிக் கொடுப்பார். அத்தோடு வேலை முடிஞ்சுது. சேற்றில் இறங்க வேண்டியவர் சேற்றில் இறங்கிவிடுவார்.

பட்டணத்தில் இருந்து இதைப் படிக்கிற நண்பர்களுக்கு இது படிக்காத ஜனங்களின் அறியாமையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டர் வருவதற்கு முன்னால் மருந்து வந்து சேர்ந்த ஊர்கள் நம்முடையவை. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் இந்தப் பழக்கத்தின் வேர் தெரியும். இதில் இருக்கிற ஆபத்தும் தெரியும்.

மருந்தே இல்லாத காலத்திலிருந்து ஆரம்பிப்போம். பல்லுக்கு ஆலங்குச்சி, வேப்பங்குச்சி. வலிக்குக் கிராம்பு. கிராம்பு சும்மா பாட்டி வைத்தியம் இல்லை. அதில் இருக்கிற யூஜினால் என்கிற எண்ணெயை இன்றைக்கும் பல் டாக்டர்கள் தற்காலிகமாகக் குழி அடைக்கிற கலவையில் சேர்க்கிறார்கள். ஆனால் கிராம்பு வலியை மரத்துப் போக வைக்குமே தவிர, வேருக்கு அடியில் கட்டியிருக்கிற சீழை வெளியே எடுக்காது. பல்லைப் பிடுங்குவதும் கட்டியைக் கீறிவிடுவதும் ஊரில் முடிதிருத்துகிற குடும்பத்தாரின் வேலையாக இருந்தது. அவர்களை 'மருத்துவர்' என்று அழைத்ததும் அதனால்தான். அந்த வீட்டு அம்மாக்கள்தான் பிரசவமும் பார்த்தார்கள்.

பல்லில் கட்டிய சீழ் பரவினால் ஆள் பிழைப்பது கஷ்டம். இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 1600களில் லண்டனில் வாராவாரம் வெளியிட்ட சாவுப் பட்டியலில் 'பற்கள்' என்றே ஒரு தனிக் காரணம் போட்டிருந்தார்கள். பல் முளைக்கிற வயதில் இறந்த குழந்தைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்தான். 1836-ல் லுட்விக் என்கிற ஜெர்மன் டாக்டர், தாடைக்கு அடியிலும் நாக்குக்குக் கீழேயும் வீக்கம் பரவி மூச்சு அடைக்கிற நோயை விவரித்து எழுதினார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அதில் பெரும்பாலானவை கீழ்க் கடைவாய்ப் பல்லில் இருந்து கிளம்புபவை.

மெட்ராஸ் பட்டணத்தில் அப்போது சீனப் பல் வைத்தியர்கள் இருந்தார்கள். சீனாவின் ஹூபே பகுதியில் இருந்து வந்த குடும்பங்கள் இவை. தொழிலை அப்பாவிடம் இருந்து மகன் கற்றுக்கொண்டான். முறையாகப் படித்த பல் டாக்டர்கள் மிகக் குறைவு. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியையே ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் 1920-ல்தான் தொடங்கினார். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் பரம்பரையாகத் தொழில் செய்தவர்களுக்கும் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்க வேண்டியிருந்தது. அவர்களை ஒரேயடியாக ஒதுக்கினால் ஜனங்களுக்குப் பல் பார்க்க ஆள் இருந்திருக்காது. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1953-ல்.

இதற்குள் உலகத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டார். அதை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஃபுளோரி, செயின் குழு. 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்கிற போலீஸ்காரருக்கு முகமெல்லாம் சீழ் பிடித்திருந்தபோது அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாலைந்து நாளில் தேறினார். ஆனால் கையில் இருந்த மருந்து தீர்ந்து போச்சு. அவருடைய சிறுநீரில் இருந்துகூடப் பெனிசிலினைத் திரும்பப் பிரித்து எடுத்துக் கொடுத்தார்கள். அப்படியும் போதவில்லை. மார்ச்சில் இறந்து போனார். பாதி மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதை முதல் நோயாளியே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

1945 டிசம்பரில் நோபல் பரிசு வாங்கியபோது ஃபிளெமிங் பேசியதைப் படித்தால் எங்கள் ஊர் மெடிக்கல் வாசலில் நின்று பேசியது மாதிரி இருக்கும். பெனிசிலினை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்குகிற காலம் வரலாம், அப்போது விவரம் தெரியாதவர் அளவு குறைத்துச் சாப்பிடுவார், கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் என்றார். அதற்கு ஒரு கற்பனைக் கதையும் சொன்னார். ஒருத்தருக்குத் தொண்டை வலி. அவராக வாங்கிக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். பழகிப் போன கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்குப் பெனிசிலின் கேட்கவில்லை. இறந்து போகிறாள். மருந்து சந்தைக்கு வந்து சில வருஷம்கூட ஆகாதபோது சொன்ன கதை இது.

அதே 1945-ல்தான் இந்தியாவின் மருந்து விதிகளும் வந்தன. அந்த விதிகளின் 'எச்' அட்டவணையில் இருக்கிற மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பல் வலிக்கு நம்ம ஆட்கள் கேட்டு வாங்குகிற அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் அந்த அட்டவணையில்தான் இருக்கின்றன. ஆக, சட்டம் இருந்தது. சீட்டு எழுதித் தர டாக்டர்தான் ஊரில் இல்லை.

இங்கே எங்கள் வட்டாரத்தின் கதை குறுக்கே வருகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்கிற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. அந்தப் பேச்சுக்கு மருந்திலும் ஓர் உருவம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உதவ, புனேவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் அமைந்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அதே 1955-ல் பெனிசிலின் தயாரிக்க ஆரம்பித்தது. பின்னால் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். வந்தது. ரிஷிகேஷில் ஆன்டிபயாடிக் ஆலை, ஹைதராபாத்தில் செயற்கை மருந்துகளுக்கான ஆலை, நம்ம சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவை சிகிச்சைக் கருவி ஆலை. 1970-ன் காப்புரிமைச் சட்டம், வேறு வழியில் அதே மருந்தைச் செய்துகொள்ள நம்ம கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்தது. மருந்து மலிவாச்சு. அது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. எத்தனையோ உயிர் அதனால் பிழைத்தது.

மருந்து பரவிய வேகத்தில் டாக்டர் பரவவில்லை. போர் கமிட்டி 1946-லேயே ஊர் ஊராக ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்று எழுதியது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு அவை வரத் தொடங்கின. ஆனால் பல்லுக்கென்று அங்கே நாற்காலி வர ரொம்ப காலம் ஆச்சு.

இன்னொரு பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டில் ஈ.எஸ்.ஐ. திட்டம் 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில் தொடங்கியது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் டாங்க் ஃபேக்டரி வந்தது. தொழிற்பேட்டையில் வேலைக்குப் போனவர் கையில் ஈ.எஸ்.ஐ. கார்டு. அவருக்கு ஒரு டிஸ்பென்சரி, அங்கே அவர் பெயருக்கு ஒரு ஏடு. உடம்பு சரியில்லைன்னா அந்த நாள் சம்பளத்தில் ஒரு பங்காவது கிடைக்கும். அதே தெருவில், ஏரித் தண்ணியை நம்பிப் பயிர் வைத்தவருக்கும் அவர் வயலில் நாற்று நட்ட அம்மாவுக்கும் அந்தக் கார்டு கிடையாது. 'நம்ம டாக்டர்' என்று சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மெடிக்கலில் நின்றால் பத்து நிமிஷம். கணக்குப் போட்டுத்தான் மெடிக்கலுக்குப் போனார்கள். முட்டாள்தனத்தால் இல்லை.

அந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு. பல் வேரில் சீழ் கட்டினால், மாத்திரை அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். செத்துப் போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. மடையில் அடைப்பு இருக்கும்போது ஏரியில் எவ்வளவு தண்ணி இருந்தும் வயலுக்கு வராத மாதிரிதான். சீழை வடித்துவிட வேண்டும், வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லைன்னா பல்லை எடுக்க வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே சொல்கிறது. உடனே பல் சிகிச்சை கிடைக்கிற பெரியவர்களுக்குப் பெரும்பாலான பல் வலியில் ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. காய்ச்சல் வந்தால், தொற்று உடம்பில் பரவுகிற அறிகுறி இருந்தால்தான் அது வேண்டும். நம்ம ஆள் ரெண்டு வேளை சாப்பிட்டதும் வீக்கம் வடிந்தது, 'சரியாப் போச்சு' என்று விட்டுவிடுகிறார். மூணு மாசம் கழித்து அதே பல், அதே வீக்கம், அதே கடை.

கேட்காமல் வாங்குவதில் இன்னும் ரெண்டு சங்கதி இருக்கிறது. சிலருக்குப் பெனிசிலின் வகை மருந்து ஒத்துக்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டராக இருந்தால் முதலில் அதைக் கேட்பார். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் சாராயம் தொடக் கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பார்கள். அறுவடைக் காலத்துச் சாயங்காலங்களில் இதை யார் சொல்வது?

ஃபிளெமிங் சொன்ன கதை நம்ம சென்னைக்கே வந்து சேர்ந்தது. 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துக்கும் அடங்காத என்.டி.எம்.-1 கிருமி பற்றியது அது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி செய்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் எடுத்த மாதிரிகளிலும் அந்தக் கிருமி இருந்தது. கிருமிக்கு டெல்லி பெயர் வைத்ததுக்காக ஒரே சண்டை. ஆனால் விஷயம் பெயரில் இல்லையே. 2012-ல் மருத்துவர்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றைத் தயாரித்தார்கள். 2014 மார்ச் முதல் 'எச்1' என்கிற கடுமையான பட்டியல் அமலுக்கு வந்தது. அதில் உள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி மூணு வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016-ல் சிவப்புக் கோடு பிரசாரம் வந்தது. அட்டையின் பின்பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். வெட்டிக் கொடுக்கிற துண்டில் அந்தக் கோடு இருக்கிறதா என்று எங்கள் ஊரில் பார்ப்பவர் குறைவு.

விவசாயிகள் நாமும் இதில் ஒரு பங்குக்காரர்கள். நெல்லில் இலைக்கருகல் வந்தால் ஸ்ட்ரெப்டோசைக்ளின் அடித்திருக்கிறோம். மாட்டுக்கு மடி வீங்கினால் ஊசி. கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் கலந்த காலமும் உண்டு. மனிதர்களுக்குக் கடைசி மருந்துகளில் ஒன்று அது என்பதால் 2019-ல் மத்திய அரசு உணவுக்கான கால்நடைகளில் அதைத் தடை செய்தது. மருந்தடித்து மருந்தடித்துப் பூச்சி பழகிப்போவதை நேரில் பார்த்தவர்களுக்குக் கிருமி பழகுவதைப் புரியவைப்பது கஷ்டம் இல்லை.

இப்போது எங்கள் பக்கம் நிலைமை மாறியிருக்கிறது. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆச்சு, சேக்காடும் அதற்குள்தான். ஆவடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போனால் கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் அரசுப் பல் மருத்துவமனை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் 1988-ல் தொடங்கிய சவீதா மாதிரி தனியார் பல் கல்லூரிகளும் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் வேலை செய்கிறது. டாக்டர் சீட்டோடு அங்கே ஆன்டிபயாடிக் இலவசமாகவே கிடைக்கும். 'நம்ம டாக்டர்' என்று ஒருத்தர் இல்லாவிட்டாலும் ஓ.பி. சீட்டு போட்டால் போதும்.

ஆனாலும் ஓ.பி. காலையில் மட்டும்தான், நடவும் காலையில்தான். அந்த இடிப்பு இன்னும் தீரவில்லை. ஈ.எஸ்.ஐ. மாதிரி, உடம்புக்கு முடியாத நாளுக்குக் கூலி தருகிற ஏற்பாடு விவசாயக் கூலிக்கு இன்றைக்கும் இல்லை. அது வராத வரை கத்திரியும் அட்டையும் இருக்கத்தான் செய்யும்.

உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மாவுக்கோ பல் வீங்கினால் ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலும், நாக்கு மேலே தூக்கினாலும், மூச்சு திணறினாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அவருக்கு அந்த ஒரு நாள் கூலி போகும். முடிந்தால் அதை நீங்கள் கொடுத்துவிடுங்கள்.