கம்பியின் கடைக்கோடி

ஆரணியை அடுத்த தேவிகாபுரத்தைப் பெரியநாயகி அம்மன் கோயிலாலும் பட்டு நெசவாலும் பலர் அறிவர். கைத்தறியோ கையாலும் காலாலும் இயங்குவது; அதற்கு மின்சாரம் எதற்கு என நீங்கள் வினவலாம். அறுந்த பட்டிழையைக் கண்டு முடியவும், அரக்கு நிறத்தையும் குங்குமச் சிவப்பையும் பிரித்தறியவும் அந்திக்குப் பின் நல்ல விளக்கொளி வேண்டும். ஒளி மங்கினால் நெசவில் பிழை நேரும், கூலி குறையும். ஆதலின், ஓர் ஊருக்கு மின்சாரம் வந்ததா என்பதோடு, எத்தகைய மின்சாரம் வந்தது என்பதும் வரலாற்றுக்குரிய கேள்வியே ஆகும்.

இக்கேள்வி மின்சாரத் தொழிலுடன் பிறந்தது. 1882ஆம் ஆண்டு எடிசன் நியூயார்க்கில் நிறுவிய நிலையம் நேர்மின்னோட்டத்தை வழங்கியது. ஏறத்தாழ ஒரு மைலுக்கு அப்பால் அதன் அழுத்தம் தளர்ந்துவிடும். 1886இல் வில்லியம் ஸ்டான்லி மின்மாற்றியைக் கொண்டு மாறுமின்னோட்டத்தைப் பகிர்ந்து காட்டினார். அழுத்தத்தை உயர்த்தித் தொலைவுக்கு அனுப்பவும், ஊரருகே தாழ்த்தி வீடுகளுக்கு வழங்கவும் வழி பிறந்தது.

நம் மாநிலத்தில் பைக்காரா மின்நிலையம் 1932இலும், மேட்டூர் மின்நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. அன்றைய வட ஆர்க்காட்டுப் பகுதிக்கு மேட்டூர் மின்சாரம் நீண்டு வந்தது. 1957இல் மின்சார வாரியம் அமைந்தது. சிற்றூர்தோறும் கம்பங்கள் எழுந்தன. கமலை இறைத்த கிணறுகளில் பம்புசெட்டுகள் அமர்ந்தன.

இங்கேதான் புதிய இடர் தோன்றிற்று. பம்புசெட்டின் மோட்டார் தன் காந்தப்புலத்தை உண்டாக்கவும் மின்னோட்டத்தை ஈர்க்கிறது. புறப்படும் வேளையிலோ பன்மடங்கு ஈர்க்கிறது. நீண்ட, மெல்லிய கம்பியில் அவ்வோட்டம் பாயும்போது கடைக்கோடி வீட்டில் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் இழை விளக்கின் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். மோட்டாரின் சுழற்றும் வலிமையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள், அறிவித்த அழுத்தத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதற்கு எல்லை வகுத்தன. ஆனால் ஊர்களை எண்ணும் முறையோ வேறாக இருந்தது. 1997 வரை, வருவாய்க் கிராம எல்லைக்குள் எந்தப் பயனுக்கேனும் மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற ஊராகக் கொள்ளப்பட்டது. 2004இல் வகுத்த புதிய இலக்கணம் பத்து விழுக்காடு வீடுகளிலேனும் இணைப்பு வேண்டுமென்றது. கடைசி வீட்டில் எத்தனை வோல்ட் எஞ்சுகிறது என்று எந்த எண்ணிக்கையும் கேட்கவில்லை.

அதனை அறிவது அரிதன்று. மின்மாற்றி அருகிலும் கம்பியின் கடைக்கோடியிலும் ஒரே வேளையில் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஒரு நண்பகல் அளவு போதாது. பளு மிகும் மாலை உட்படப் பல நாட்கள் இடைவிடாது பதிதல் வேண்டும். குறை தெரிந்தால் மருந்தும் உண்டு: மோட்டாருடன் மின்தேக்கியை இணைத்தல், பருத்த கம்பி இடுதல், மின்மாற்றியை வீடுகளுக்கு அருகே கொணர்தல். இந்நாளைய எல்இடி விளக்குகள் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் ஒளி குன்றா. எனினும் அவற்றுட் சில மின்னலையின் வடிவத்தைத் திரிக்கின்றன. ஆகவே அலையின் தூய்மையும் இன்று அளவைக்கு உரியதாயிற்று.

நண்பர்களே! கம்பங்களின் தொகை ஊரின் வளர்ச்சியில் பாதியையே கூறும். மற்றப் பாதியைக் கடைசி வீட்டின் தறியடியில் எரியும் விளக்குதான் கூறவல்லது.