அலைவரிசை 62: ஒரு தோல்விப் படமும் அலைக்கற்றையின் வரலாறும்

1989 ஜூலை 21 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் 'யு.எச்.எஃப்.' என்னும் அங்கதப் படம் வெளியானது. பகடிப் பாடல்களால் புகழ்பெற்ற 'வியர்ட் அல்' யாங்கோவிக் தம் மேலாளர் ஜே லெவியுடன் இணைந்து எழுதி, நாயகனாகவும் நடித்தார், இயக்கியவர் லெவி. ஏறத்தாழ 50 லட்சம் டாலர் செலவில் உருவான படம், 60 லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய வசூலுடன் அடங்கியது. வணிக வரலாறு அதனைத் தோல்வி என்று எழுதி முடித்துவிட்டது. ஊடக வரலாறு அவ்வாறு கடந்துவிட இயலாது.

படத்தின் தலைப்பே ஒரு வரலாற்று ஆவணம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் 2 முதல் 13 வரையிலான வி.எச்.எஃப். அலைவரிசைகளே பயன்பாட்டில் இருந்தன. அவை போதாமற்போகவே, 1948இல் புதிய உரிமங்களை நிறுத்திவைத்த கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், 1952இல் 14 முதல் 83 வரையிலான யு.எச்.எஃப். அலைவரிசைகளைத் திறந்துவிட்டது. ஆனால் இரண்டும் சமமான களங்கள் அல்ல. யு.எச்.எஃப். ஒலிபரப்புக்கு மின்திறன் கூடுதலாக வேண்டும். குன்றும் கட்டடமும் அதன் அலைகளை எளிதில் தடுக்கும். பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் அவற்றைப் பெறும் வசதியே இல்லை. அவ்வசதியைக் கட்டாயமாக்கும் சட்டம் 1962இல்தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1964இல். அதற்குள் பெரும் வலையமைப்புகள் வி.எச்.எஃப். நிலையங்களில் வேரூன்றிவிட்டன. எஞ்சிய யு.எச்.எஃப். நிலையங்கள் பலவும் பழைய படங்களையும் உள்ளூர் நிகழ்ச்சிகளையும் கொண்டு காலந்தள்ளின.

இந்த ஏற்றத்தாழ்வே படத்தின் கதைக்களம். சூதாட்டத்தில் வென்ற அலைவரிசை 62 என்னும் நலிந்த நிலையத்தை, எந்த வேலையிலும் நிலைக்காத ஜார்ஜ் நியூமனிடம் அவன் மாமா ஒப்படைக்கிறார். துப்புரவுத் தொழிலாளி ஸ்டான்லி தற்செயலாகக் குழந்தைகள் நிகழ்ச்சியின் நாயகனாகிறான்; நிலையம் உயிர்பெறுகிறது. வலையமைப்பைச் சார்ந்த அலைவரிசை 8இன் உரிமையாளர் பிளெட்சருக்கு அது பொறுக்கவில்லை. ஒரே ஊரில் இரு நிலையங்களை ஒருவர் நடத்தச் சட்டம் இடங்கொடாத காலம் அது. எனவே அவர் 62ஐ வாங்க முனைவது நடத்துவதற்காக அன்று, மூடுவதற்காக.

நிலையத்தைக் காக்க 75,000 டாலர் தேவைப்படுகிறது. பங்கு ஒன்று 10 டாலர் என்று ஊராரிடமே விற்கிறார்கள். இறுதியில் நிலையம் ஊருக்குச் சொந்தமாகிறது. அலைவரிசை 8 வீழ்வதோ போட்டியால் அன்று. உரிமத்தைப் புதுப்பிக்க பிளெட்சர் தவறியதால். கோமாளிக் கூத்தின் நடுவே படம் சட்ட நுட்பம் ஒன்றைத் தொட்டுவிடுகிறது: 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலையத்தார்க்குக் கிடைப்பது அலைக்கற்றையைப் பயன்படுத்தும் கால வரையறைக்குட்பட்ட உரிமமே, உடைமை அன்று. அலைக்கற்றை பொதுச்சொத்து என்னும் இக்கருத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், தெளிவுற மொழிந்தது.

இந்திய வாசகரைத் துணுக்குறச் செய்யும் பகுதியும் படத்தில் உண்டு. 'காந்தி II' என்னும் போலி முன்னோட்டத்தில் காந்தி அடிதடி நாயகனாக வருகிறார். அங்கதத்தின் இலக்கு காந்தியல்லர். ஆட்டன்பரோவின் 1982ஆம் ஆண்டுப் படத்திற்குக்கூட இரண்டாம் பாகம் எடுக்கத் துணியும் ஹாலிவுட். அதே கோடையில் வந்த 'லீத்தல் வெப்பன் 2', 'கோஸ்ட்பஸ்டர்ஸ் II' போன்ற தொடர்ச்சிப் படங்களின் நெரிசலில் இப்படம் காணாமற்போனது வரலாற்றின் முரண்நகை. எனினும் இவ்விளக்கம் எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடாது. கூனி என்னும் ஆசியப் பாத்திரத்தின் உச்சரிப்பை வைத்து எழுப்பும் சிரிப்பு, விளிம்பின் பக்கம் நின்று பேசும் படமும் மற்றொரு விளிம்பை மலிவாகப் பயன்படுத்தக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

படத்தை வெளியிட்ட ஓரியன் நிறுவனம் 1991இல் திவால் பாதுகாப்பை நாடியது. படமோ காணொளி நாடாக்களிலும் கேபிளிலும் மறுவாழ்வு பெற்றது. பிளெட்சரைத் தடுத்த விதியின் கதை வேறு. 1999இல் ஆணையம், நிபந்தனைகளுடன், ஒரே சந்தையில் இரு நிலையங்களை ஒருவர் வைத்திருக்க இசைந்தது. 2009இல் அமெரிக்கா எண்மத் தொலைக்காட்சிக்கு மாறியபோது 52 முதல் 69 வரையிலான அலைவரிசைகள் தொலைக்காட்சியிடமிருந்து பெறப்பட்டு, கைபேசிச் சேவைக்கும் பொதுப் பாதுகாப்புத் தொடர்புக்கும் வழங்கப்பட்டன. ஊரார் பத்துப் பத்து டாலராகச் சேர்த்து மீட்ட அலைவரிசை 62உம் அவற்றுள் ஒன்று. நிலையத்தை ஊர் வாங்கலாம். அலைக்கற்றையை யாருக்குப் பகிர்வது என்பதை முடிவுசெய்யும் இடம் வேறு. படம் சொல்லாது விட்ட அந்த இறுதிக் காட்சியை எழுதுவது வரலாற்றாசிரியரின் பணி.