இன்னொரு புரூட்டஸ்

கூட இருந்தே குழி பறிப்பவன் என்றால் உலகம் முழுக்க ஒரே பெயர்தான், புரூட்டஸ். 1599-ல் லண்டனில் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகம் செய்த வேலை இது. சாகும் தறுவாயில் சீசர் புரூட்டஸைப் பார்த்துக் கேட்கும் அந்தக் கேள்வியை, நாடகத்தையே படிக்காதவர்களும் சொல்லுவார்கள். ஆனால் சீசரின் வரலாற்றை எழுதிய ரோமானியர் சூட்டோனியஸ், முதல் குத்தில் ஒரு முனகலைத் தவிர சீசர் எதுவும் பேசவில்லை என்கிறார். புரூட்டஸிடம் கிரேக்க மொழியில் ஏதோ கேட்டதாகச் சிலர் சொல்வதையும் குறிப்பிடுகிறார், அவ்வளவுதான்.

உண்மையில் அந்த மார்கஸ் புரூட்டஸ், சீசருக்கு அவ்வளவு நெருங்கிய நண்பரே இல்லை! கி.மு. 48-ல் உள்நாட்டுப் போரின்போது அவர் சீசருக்கு எதிராக, பாம்பியின் பக்கம் நின்றவர். தோற்றபின் சீசர் மன்னித்து பதவியும் கொடுத்தார். மன்னிக்கப்பட்ட எதிரி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

சதிகாரர்களில் இன்னொரு புரூட்டஸ் இருந்தார். டெசிமஸ் புரூட்டஸ். நாடகத்தில் இவர் பெயர் 'டெசியஸ்' என்று மாறி, சின்ன வேஷமாகப் போய்விட்டது. உண்மையான துரோகத்தின் கதை இவருடையதுதான்.

கி.மு. 56-ல் இன்றைய பிரான்ஸின் மேற்குக் கரையில் வெனெட்டி மக்களோடு கடற்போர் நடந்தபோது, சீசர் தன் கப்பற்படையை இந்த இளைஞரிடம்தான் ஒப்படைத்தார். டெசிமஸ் ஜெயித்துக் காட்டினார். கி.மு. 49-ல் மார்செய் நகர முற்றுகையிலும் கப்பல்களுக்குத் தலைமை அவரே. உள்நாட்டுப் போரில் ஒருநாளும் அவர் கட்சி மாறவில்லை. சீசரும் குறை வைக்கவில்லை. வட இத்தாலியின் ஆளுநர் பதவி, கி.மு. 42-க்கு கான்சல் பதவி என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். உயிலிலும் டெசிமஸ் பெயர் இருந்தது. முதல் வாரிசுகள் இல்லாமல் போனால் சொத்து யாருக்கு என்ற இரண்டாம் வரிசையில்! சட்டப்படியான மகன் இல்லாத ஒருவர் இதைவிட அதிகமாக என்ன செய்ய முடியும்?

கி.மு. 44 மார்ச் 14 இரவு லெபிடஸ் வீட்டில் விருந்து. அங்கே சீசர் கூட்டிப்போனது டெசிமஸைத்தான் என்கிறார் அப்பியன் என்ற வரலாற்றாசிரியர். எந்த மாதிரி சாவு நல்லது என்று பேச்சு வந்தது. எதிர்பாராமல் வருவது என்றாராம் சீசர். பக்கத்தில் இருந்தவருக்கு அடுத்த நாள் திட்டம் முழுக்கத் தெரியும். எப்படி சோறு இறங்கியதோ!

மறுநாள் காலை திட்டமே கெட்டுப்போகும் நிலை. மனைவி கல்பூர்னியா கெட்ட கனவு கண்டு, போகவேண்டாம் என்று தடுத்தார். சீசரும் செனட் கூட்டத்தை ரத்து செய்ய முடிவெடுத்தார். சதியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேரும் கத்தியோடு பாம்பியின் மண்டபத்தில் காத்திருக்கிறார்கள். சீசர் வீட்டுக்குள் நேரே போய்ப் பேசக்கூடிய ஆள் யார்? டெசிமஸ் போனார். மனைவியின் கனவுக்குப் பயந்து சபையைத் திருப்பி அனுப்பினால் ஊர் சிரிக்காதா என்று நண்பனின் உரிமையோடு பேசினார். பேசிக்கொண்டே சீசரின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார் என்கிறார் புளூட்டார்க்.

சதியில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கோபம் இருந்தது. ஆனால் இந்த ஒரு வேலையை எதிரி செய்திருக்கவே முடியாது. இதற்கு நண்பன் தேவைப்பட்டான்.

23 குத்துகள். அதில் ஒன்றுதான் உயிரைப் பறித்தது என்று மருத்துவர் சொன்னாராம். பிறகு உயிலை வாசித்தபோது டெசிமஸ் பெயர் வந்ததும் கூட்டம் கொதித்தது என்கிறார் அப்பியன்.

டெசிமஸ் ஏன் இதைச் செய்தார்? சிசரோவுக்கு எழுதிய கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. அவற்றில் சீசருக்காக வருத்தம் எதுவும் தெரியவில்லை. படைக்குச் சம்பளம் கொடுத்துத் தன் சொத்து கரைந்ததையும், நண்பர்களையும் கடனில் மாட்டிவிட்டதையும்தான் புலம்புகிறார். குடியரசைக் காக்கவே செய்ததாக அவர் நினைத்திருக்கலாம். சீசரின் நிழலிலேயே காலம் போய்விடும் என்ற பயமாகவும் இருக்கலாம்.

கி.மு. 43-ல் முத்தினா நகரில் ஆண்டனியின் முற்றுகையிலிருந்து தப்பினார். ஆனால் சீசரின் வாரிசான ஆக்டேவியன் அவரோடு சேர மறுத்தார். படைவீரர்களும் கூட்டம் கூட்டமாக விட்டுப்போனார்கள். மாறுவேடத்தில் ஓடியபோது வழிப்பறிக்காரர்களிடம் சிக்கினார். அந்தப் பகுதியின் கால் இனத் தலைவர் ஒருவர் பழைய பழக்கம், தன்னிடம் நிறைய உதவி பெற்றவர். அவரிடம் கொண்டுபோகச் சொன்னார் டெசிமஸ். அப்பியன் சொல்வது இது: அந்தத் தலைவர் கட்டுகளை அவிழ்க்கச் சொல்லி, பெரிய மனிதரை இப்படியா நடத்துவது என்று தன் ஆட்களைத் திட்டி, அன்பாக வரவேற்றார். பிறகு ரகசியமாக ஆண்டனிக்கு ஆள் அனுப்பினார். பதில் வந்ததும் டெசிமஸின் தலையை வெட்டி அனுப்பிவைத்தார்.