பணப்பையின்றிப் புறப்பட்டோர்: கீழைத்தேயத்தில் மோர்மன் மிஷனரிமார், 1851–1856

1852ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 28ஆந் திகதி அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில் மோர்மன் சமயத்தாரின் விசேட மாநாடு ஒன்று கூடியது. அதிலே ஏறத்தாழ நூறு ஆடவரின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. இவர்கள் உலகின் பல பாகங்களுக்கும் மிஷனரிமாராகச் செல்லவேண்டியவர்கள். தம் பெயர் அப்பட்டியலில் உள்ளதென்பதைப் பலர் அங்கேதான் முதன்முதலாக அறிந்தனர். அவர்களுள் பதின்மூவருக்கு இந்தியாவும் சீயமும் ஒதுக்கப்பட்டன. அமோஸ் மில்டன் மஸ்ஸருக்கு அப்போது வயது 22. சோன்சி வெஸ்ட்டுக்கு 25. சற்று மூத்தவரான லீவை சாவேஜ் முந்திய ஆண்டிலே மனைவியை இழந்தவர். சிறு குழந்தையைத் தம் உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். இவர்களுக்குச் சம்பளம் இல்லை; மொழிப்பயிற்சி இல்லை; திரும்பும் நாளும் குறிக்கப்படவில்லை.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்னும் பெயருடைய இச்சமயம் 1830இல் ஜோசப் ஸ்மித் என்பவரால் நியூயோர்க் மாநிலத்தில் நிறுவப்பட்டது. தொடக்கத்திலிருந்தே அதன் மிஷனரிமார் ஒரு விதியைக் கைக்கொண்டனர். பணப்பையோ வழிப்பையோ எடாது இருவர் இருவராகச் செல்லவேண்டும். உணவும் உறைவிடமும் கேட்போர் தருபவையாக இருத்தல் வேண்டும். இயேசு தம் சீடரை அனுப்பியதாக லூக்கா சுவிசேஷம் கூறும் முறையே இது. இதனை வெறும் பக்தி வைராக்கியம் என ஒதுக்கிவிடுதல் தவறாகும். அமெரிக்கக் குடியேற்றக் கிராமங்களில் வழிப்போக்கனுக்கு இராப்போசனமும் படுக்க ஓரிடமும் அளிப்பது வழக்கம். 1837 முதல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் முதலான ஆலை நகரங்களில் இவர்கள் ஆயிரக்கணக்கானோரைத் திருப்பியதற்கும், தொழிலாளர் வீட்டு அடுப்பங்கரையில் அவர்களோடு சமமாக இருந்து பேசக் கிடைத்த வாய்ப்பே ஒரு முக்கிய காரணம். சோறிட்டவனே முதற் கேட்போன் ஆனான். பிரசாரமும் பிழைப்பும் ஒன்றாகவே நடந்தன.

இம்முறை கீழைத்தேயத்திலே எவ்வாறு முறிந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பதின்மூவரும் வருமுன்னரே கல்கத்தாவில் ஒரு சிறு சபை இருந்தது. 1849இல் அங்கு வந்த இரு மோர்மன் மாலுமிகள் இட்ட வித்து அது. 1851இல் ஜோசப் ரிச்சர்ட்ஸும், ஆண்டு முடிவில் வில்லியம் வில்ஸும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தனர். 1852இன் நடுப்பகுதியில் வில்ஸ் அனுப்பிய அறிக்கை 189 அங்கத்தவரைக் குறிப்பிடுகின்றது. இவர்களுள் 170 பேர் வங்காளத்துக் குடியானவர். ஆனால், இத்தொகை விரைவிலேயே கரைந்துவிட்டது. மற்றைய மிஷன்களைச் சேர்ந்தோர் பள்ளிக்கூடமும் வேலையும் ஓரளவு பொருளுதவியும் பெற்றிருக்க, இந்த மிஷனரியோ தம் உணவுக்கே பிறரை எதிர்பார்த்து நின்றார். குடியானவர் விலகியதை அவர்தம் பேராசைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். வறியவனுக்கு வறியவன் என்ன பாதுகாப்பளிக்க முடியும் என்ற வினாவை அவர்கள் எழுப்புவதில்லை.

1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ‘மொன்சூன்’ என்னும் கப்பலில் ஏறிய பதின்மூவரும் ஏப்ரல் இறுதியிற் கல்கத்தாவை அடைந்தனர். கோடைவெயிலின் உச்சம் அது. நதானியேல் ஜோன்ஸ் தலைமையில் அவர்கள் பல திசைகளுக்குப் பிரிந்தனர். சிலர் வட இந்தியாவுக்கும், ரிச்சர்ட் பாலன்டைன் முதலானோர் சென்னைக்கும், மஸ்ஸரும் ட்ரூமன் லெனர்டும் பின்னர் கராச்சிக்கும் சென்றனர். சென்ற இடமெங்கும் முதல் வினா கோட்பாடு பற்றியதன்று. இன்றிரவு எங்கே தங்குவது என்பதே. இந்துக்களின் வீட்டிலே சாதியாசாரம் குறுக்கே நின்றது. அந்நியனுக்கு உள்ளே இடமில்லை, உடனுண்ணலும் இல்லை. ஐரோப்பியரோ கிராமங்களில் வாழவில்லை. அவர்கள் பங்களாக்களிலும் இராணுவப் பாளையங்களிலும் வாழ்ந்தனர். பாளையத்துள் நுழைய அதிகாரியின் அனுமதி வேண்டும். பூனாவில் ஹியூ ஃபின்ட்லே அவ்வாறு தடுக்கப்பட்டார். வெள்ளையன் ஒருவன் வெயிலிலே தெருவில் நடந்து செல்வதே அக்காலக் குடியேற்ற ஆட்சிச் சமுதாயத்தில் மானக்கேடு. பல்லக்கும் வண்டியும் இல்லாதவனை வெள்ளையர் நாடோடியென இகழ்ந்தனர். உணவுவிடுதிகளின் கட்டணமோ பெரிது. அமெரிக்காவில் எளிமையின் சின்னமாக விளங்கிய நடைப்பயணம், இங்கே ஐயத்துக்கும் ஏளனத்துக்கும் உரியதாயிற்று.

சீயத்துக்கென நியமிக்கப்பட்ட நால்வருக்கு வேறொரு தடையும் வந்தது. இரண்டாம் ஆங்கில-பர்மியப் போரின் விளைவாகத் தரைவழி அடைபட்டிருந்தது. எலாம் லடிங்டன் மட்டும் 1854இல் கடல்வழியாகப் பாங்கொக்கை அடைந்து சில மாதங்கள் தங்கினார். கல்லெறிக்கும் ஆளானார்; அப்பயணத்தில் அவர் ஞானஸ்நானம் கொடுத்தது தம்மை ஏற்றிச்சென்ற கப்பல் தலைவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே. சாவேஜ் பர்மாவிலே தங்கி அந்நாட்டு மொழியைக் கற்க முயன்றார். சோன்சி வெஸ்ட்டும் பெஞ்சமின் டூவியும் 1853இல் இலங்கைக்கு வந்தனர். கேட்பாரின்றிச் சிறிது காலத்திலேயே பம்பாய் நோக்கிக் கப்பலேறினர். இலங்கையின் கிறித்தவ வரலாற்றில் அவ்விருவரும் ஒரு வரிக்குமேல் பெறுவதில்லை.

அவ்விருவரும் இலங்கையில் திரிந்த அதே காலத்தில், யாழ்ப்பாணத்தில் அவர்கள் நாட்டவரான மற்றொரு மிஷன் வேரூன்றியிருந்தமை ஒப்புநோக்கத்தக்கது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன், பொஸ்டனிலிருந்து பணம் பெற்றது. அதன் மிஷனரிமாருக்கு வேதனமும் வீடும் இருந்தன. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. மானிப்பாயில் அச்சகம் இயங்கியது. 1847இல் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் வந்திறங்கியபோது அவருக்கும் வயது 25 அளவிலேயே இருந்தது. அவருக்குத் தமிழ் கற்க ஆண்டுகள் கிடைத்தன. கற்று, மேலை வைத்திய நூல்களைத் தமிழிலே தந்தார். சென்னையிலிருந்த பாலன்டைனுக்கு அந்த அவகாசம் இல்லை. 1854இல் அவர் அங்கு வெளியிட்ட மாத இதழும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. முன்ஷி ஒருவரை அமர்த்துவதற்கும் பணம் வேண்டும். நாளைய உணவுக்கே வழி தேடுபவன் இலக்கணம் படிப்பது எங்ஙனம்? இரு மிஷன்களுக்குமிடையேயுள்ள வேறுபாடு பக்தியின் அளவில் இல்லை, வருவாயின் ஒழுங்கிலேயே உள்ளது.

தோல்விக்குப் பலதார மணமே காரணமெனப் பொதுவாகக் கூறுவர். அதில் உண்மையுண்டு. மேற்கூறிய மாநாட்டின் மறுநாள், 1852 ஓகஸ்ட் 29இலேயே, இக்கொள்கை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. செய்தி மிஷனரிமாரைத் தொடர்ந்து கடல்கடந்தது. பாதிரிமாரும் பத்திரிகைகளும் அதனை நன்கு பயன்படுத்தினர். ஆயினும் அதே செய்தி இங்கிலாந்தையும் எட்டியது. அங்கு சபை தளர்ந்ததேயன்றி அழியவில்லை. ஆகவே பலதார மணத்தை மட்டும் காரணமாகக் கொள்வது போதாது.

இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். மதம் மாறியோர் அமெரிக்காவின் மேற்கே சென்று கூடி வாழவேண்டுமென்பது அன்றைய போதனை. ஆதலின் பற்றுமிக்கவர்களே முதலில் வெளியேறினர். கல்கத்தாவில் முதலில் இணைந்தோருள் ஒருவரான மத்தியூ மக்கியூன் என்னும் படைவீரர் தம் குடும்பத்தோடு யூட்டாவுக்குச் சென்றார். கல்கத்தாவிற் பிறந்த அவர் மகன் அல்பிரெட் பின்னர் புகையிரதப் பாதை, சுரங்கத் தொழில்களிற் பெருஞ் செல்வரானார். சோல்ட் லேக் நகரில் அவர் கட்டிய மாளிகை இன்றும் நிற்கின்றது. கல்கத்தாச் சபையோ மறைந்துபோயிற்று. 1855இல் பெரும்பாலோர் திரும்பிவிட, றொபேட் ஸ்கெல்டன் 1856இல் இறுதியாக வெளியேறினார்.

பிற்காலத்தில் அவ்விதியே மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளோடு பணப்பையின்றிச் செல்லும் வழக்கம் அருகி, குடும்பத்தினரே செலவை ஏற்கத் தொடங்கினர். மணமானவர்க்குப் பதிலாக மணமாகாத இளைஞரே பெருந்தொகையினராயினர். 1898 முதல் மணமாகாப் பெண்களும் நியமனம் பெற்றனர். 1961இல் புரோவோ நகரில் மொழிப்பயிற்சி நிலையம் தோன்றியது. 2012இல் ஆடவரின் தொடக்க வயது 19இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. காலை ஆறரைக்கு எழுதல், படிப்பு, வீடுவீடாகச் செல்லல், இரவு பத்தரைக்கு உறங்கல் என நாட்பொழுது வரையறைப்பட்டது. ஆடவருக்குக் காலமும் இரண்டாண்டென வரையறையாயிற்று. இவ்வொழுங்கு இளைஞரைப் பசியிலிருந்து காத்தது. தனிமையிலிருந்து காத்ததெனக் கூறுதல் அரிது. துணைவரை விட்டு ஒரு பொழுதும் பிரியலாகாது. அத்துணைவரையும் தாமே தெரிவுசெய்ய இயலாது. மூடப்படும் கதவுகள் நாள்தோறும் எதிர்ப்படும். தவணை முடியுமுன் வீடு திரும்புவோர் ஊராரின் வினாக்களுக்கு முகங்கொடுக்கவேண்டும். ஆண்டுக்கு இருமுறை மட்டுமே பெற்றோருடன் தொலைபேசியிற் பேசலாமென்றிருந்த கட்டுப்பாடு 2019இலேயே தளர்த்தப்பட்டு, வாரந்தோறும் பேச இசைவளிக்கப்பட்டது.

சாவேஜ் பர்மாவிலிருந்து நீண்ட கடல்வழியாக 1856இல் அமெரிக்கா திரும்பினார். மேற்கே செல்லும் வழியிற் கைவண்டி இழுத்துச் செல்லும் குடியேற்றக் கூட்டமொன்றுடன் இணைந்தார். பருவம் பிந்திவிட்டது, மலைப்பனி கொல்லும் என அவர் எச்சரித்தும் மற்றையோர் கேளாமையால், தாமும் உடன் சென்றார். ஒக்டோபரிற் பனி வீழ்ந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நவம்பர் 9ஆந் திகதி எஞ்சியோர் சோல்ட் லேக் நகரை அடைந்தனர். நான்காண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற மகன் அங்கே வளர்ந்திருந்தான்.