கொடிமரத்தில் ஏறிய கூண்டு

ஐப்பசி பிறந்து வாடைக்காற்றில் ஈரம் ஏறத் தொடங்கிவிட்டால், சோழமண்டலக் கரையோர ஊர்களில் சந்தித்துக்கொள்ளும் பெரியவர்கள், க்ஷேமம் விசாரிப்பதற்கு முன்பாகவே, "கூண்டு ஏத்திட்டாங்களா? எத்தனாம் நம்பர்?" என்று கேட்டுக்கொள்வது நெடுங்கால வழக்கம். நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு மழைநாளின் மாலையில், என் பாட்டனார் என்னைத் துறைமுக அலுவலகத்தின் முன் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, கொடிமரத்தின் உச்சியைக் காட்டினார். வளையங்களின்மேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டிய கரிய கூம்பு ஒன்று, அதாவது புயலை எச்சரிக்கும் கூண்டு, கயிறு விம்ம, மரத்தில் மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தது. "தாத்தா, அதுக்குள்ளே என்ன இருக்கு?" என்றேன். "காத்துதான்டா இருக்கு. அந்தக் காத்துக்கு ஒரு நம்பர் போட்டிருக்காங்க" என்றார். அன்று கரையில் வரிசையாக இழுத்துக் கிடத்தப்பட்டிருந்த கட்டுமரங்களில் ஒன்றுகூட மறுநாள் கடலில் இறங்கவில்லை.

அந்தக் கூண்டு நம் கொடிமரத்தில் ஏறியதற்கு முன்னால் இந்தக் கரை பட்ட பாடு கொஞ்சமன்று. சென்னைப்பட்டணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் துறைமுகமே இல்லாத துறையாக இருந்தது; கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளிலேதான் கரை சேர வேண்டியிருந்தது. ஆணி ஒன்றுகூட அடிக்காமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த அந்தப் படகு, அலை அறையும்போது எதிர்த்து நிற்காமல் வளைந்து கொடுக்கும். ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் உடைந்து சிதறிய அதே அலையில் அது தப்பி வந்த ரகசியம் அதுவே. அதனினும் எளியதான கட்டுமரமோ, மூழ்குவதற்கு உட்புறமே இல்லாதது. கவிழ்த்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். படகுகள் இறங்கத் துணியாத நாட்களிலும் கட்டுமரக்காரர்கள், தலையிலணிந்த ஓலைக் குல்லாய்க்குள் கடிதங்களை நனையாமல் செருகிக்கொண்டு, அலையின் அடியில் புகுந்து எழுந்து கப்பலுக்குப் போனார்கள் என்று அக்காலத்து யாத்ரிகர்கள் வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

இருப்பினும் பெருங்காற்றுக்கு முன் அந்தச் சாமர்த்தியம் செல்லவில்லை. 1746-ஆம் வருஷம் சென்னையைப் பிரெஞ்சுக்காரருக்காகப் பிடித்த லபூர்தொனேயின் கப்பற்படை, வெற்றியின் களிப்பு அடங்குவதற்கு முன்பே, அக்டோபர் மாதத்தில் ஓரிரவு அடித்த புயலில் பல கப்பல்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களையும் இழந்தது. இத்தகைய அநுபவங்களால் அச்சமடைந்த ஆங்கிலக் கும்பினியார், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரையில் சென்னைக் கோட்டையின் கொடிமரத்தையே இறக்கி வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். கொடிமரம் இல்லாத கரையில் கப்பல் நிற்கலாகாது என்பது அதன் பொருள். ஆனால் அது நாட்காட்டியைப் பார்த்துச் செய்த எச்சரிக்கையே ஒழிய, வானத்தைப் பார்த்துச் செய்ததன்று. புயல் நாள் பார்த்து வருவதில்லை அல்லவா?

வானத்தை ஓர் ஒழுங்குக்குள் அடக்கிப் பார்க்க முயன்றவர் கல்கத்தாவில் கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராயிருந்த ஹென்றி பிடிங்டன். வங்கக்கடலின் புயல்களில் அகப்பட்டுத் தப்பிய கப்பல்களின் தினக்குறிப்புகளை ஒன்றுவிடாமல் சேகரித்து ஒப்பிட்ட அவர், பெருங்காற்று நேராக வீசுவதன்று, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்வது என்பதை மாலுமிகளுக்கு விளக்கி, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் 'சைக்ளோன்' என்ற பெயரை 1848-இல் வெளியிட்ட தம் நூலில் சூட்டினார். அந்நூலோடு, காற்றின் வட்டங்கள் அச்சிடப்பட்ட மெல்லிய கொம்புத் தகடுகளும் கிடைத்தன. ஊடுருவிப் பார்க்கத்தக்க அத்தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்து, காற்று வீசும் திசையைப் பொருத்திப் பார்த்தால், புயலின் மையம் தன் கப்பலுக்கு எப்புறத்தில் இருக்கிறது என்பதை மீகாமன் அறிந்து விலகிப் போகலாம். அதே பிடிங்டன், மாத்லா நதிக்கரையில் கட்டவிருந்த கானிங் துறைமுகத்தைக் கடல் ஒருநாள் அழிக்கும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரலுக்கு எழுதி எச்சரித்தார். யாரும் செவிசாய்க்கவில்லை; 1867-இல் புயலலை வந்து அத்துறைமுகத்தைப் பாழாக்கிற்று. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

கொம்புத் தகட்டையும் பாரமானியையும் வைத்துக்கொள்ளும் வசதி கப்பலுக்கு உண்டு, கட்டுமரத்துக்கு ஏது? கட்டுமரக்காரனுடைய கருவி அவன் உடம்பே. வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எந்தெந்த மாதத்தில் எப்படித் திரும்பும், நீரின் நிறம் எப்போது கலங்கும், காற்றே இல்லாத நாளில் தூரத்திலிருந்து நீண்ட அலை வந்து கரையை அறைந்தால் அது எதற்கு அறிகுறி என்பதெல்லாம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த வித்தை. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் பெரும்பிழை செய்தார்கள் என்றே நான் கருதுகிறேன். எனினும், முந்நூறு மைலுக்கு அப்பால் இன்று பிறந்த புயல் நாளை இரவு எந்த ஊரைத் தாக்கும் என்பதைச் சொல்ல அந்த வித்தையால் இயலாது. அதற்குக் காற்றைவிட வேகமாகச் செல்லும் ஒன்று தேவைப்பட்டது. தந்திக் கம்பி வந்த பிறகுதான் அது கிடைத்தது.

தந்தியையும் கொடிமரத்தையும் இணைத்தவர் இங்கிலாந்தின் கடற்படை அதிகாரி ராபர்ட் பிட்ஸ்ராய். டார்வினை உலகம் சுற்ற அழைத்துச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர் அவரே. 1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் வேல்ஸ் கரையில் மோதி நானூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரம் அவர் மனத்தை வாட்டியது. கரையோர நிலையங்களிலிருந்து தந்தி மூலம் காற்றின் செய்தியைத் திரட்டி, அபாயமுள்ள துறைமுகங்களுக்குத் திரும்பத் தந்தி கொடுத்து, அங்கே கித்தான் கூம்பையும் உருளையையும் ஏற்றச் செய்யும் முறையை 1861-இல் அவர் ஆரம்பித்தார். கூம்பின் முனை மேல்நோக்கினால் வடக்கத்திக் காற்று, கீழ்நோக்கினால் தெற்கத்திக் காற்று. எழுத்தறியாத செம்படவனும் கண்ணால் கண்டு அறிந்துகொள்ளலாம். கணிப்பு தவறிய நாட்களில் அவரை ஏளனம் செய்தவர்கள் பலர். அவர் 1865-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அடுத்த வருஷத்தில் எச்சரிக்கையையும் நிறுத்தினார்கள்; கடலோடிகள் விடாமல் வற்புறுத்தியதால் 1867-இல் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அவரைப் பண்டிதர்கள் கைவிட்டாலும் படகுக்காரர்கள் கைவிடவில்லை.

நம் நாட்டிலோ, 1864 அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவைத் தாக்கிய புயலும், ஒரு மாதம் கழிவதற்குள் மசூலிப்பட்டணத்தில் ஏறக்குறைய முப்பதினாயிரம் பேரைக் கொண்டுபோன புயலலையும் அரசாங்கத்தின் கண்ணைத் திறந்தன. 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. 1881 நவம்பரில் சென்னையில் அநேகமாகக் கட்டி முடித்திருந்த துறைமுகச் சுவர்களைப் புயல் தகர்த்தது. 1886-க்குள் எச்சரிக்கை எல்லாத் துறைமுகங்களுக்கும் பரவிற்று. 1898 முதல் நாடு முழுவதற்கும் ஒரே விதமான அடையாளங்கள் நடைமுறைக்கு வந்தன. நம் பெரியவர்கள் கேட்கும் நம்பருக்கு மூலம் அதுவே.

ஒன்றும் இரண்டும் தூரத்துக் கடலில் உள்ள அபாயத்தைச் சொல்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே வரும் காற்றைச் சொல்பவை. ஐந்து முதல் ஏழு வரை அபாயமும், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயமும் ஆகும். இவற்றில் புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா, தலைக்குமேலேயே கடக்குமா என்பதுகூட அடங்கியிருக்கிறது. பகலில் கூம்புகளும் உருளைகளும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளும் இதையெல்லாம் பேசின. கப்பல் தலைவனுக்கு இவை அனைத்தும் அர்த்தமுள்ளவை. எண் பெரியதா சிறியதா என்பது மட்டுமே எங்கள் கரையின் ஜனங்களுக்கு எட்டிற்று. ஊருக்கு ஊர் ஒருவராவது அமர்ந்து இந்த எண்களின் பொருளை மீனவக் குடும்பங்களுக்கு நிதானமாக விளக்கியிருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்தப் பத்துக்கும் மேலே உள்ள பதினோராவது கூண்டு காற்றைப் பற்றியதே அன்று. வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது, இனி எந்தத் தகவலும் வராது என்பதே அதன் அர்த்தம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அலை விழுங்கி, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் அதிலிருந்த அத்தனை பேரோடும் கொண்டுபோனபோது, பாலமும் கம்பியும் சிதைந்து, அங்கே நேர்ந்ததை வெளியுலகம் அறிவதற்கே காலம் பிடித்தது.

2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது செய்தி அறுந்துபோகும் இந்த நிலையையே வேறு விதமாகக் கண்டோம். நவம்பர் 30-ஆம் தேதிதான் அது குமரிக்கடலில் புயலாக வலுப்பெற்றது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலான ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களோ அதற்குப் பல நாள் முன்னதாகவே புறப்பட்டு, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் எந்த எண்ணை ஏற்றினாலும் அவர்கள் அதைக் காண இயலாது. விசைப்படகின் கம்பியில்லாக் கருவிக்கும் எட்டும் தூரம் இவ்வளவுதான் என்று உண்டு. யாரும் ஏற்றாமலே அவர்கள் தலைக்குமேல் அன்று தொங்கிக்கொண்டிருந்தது அந்தப் பதினோராவது கூண்டுதான். திரும்பாதவர்களின் வீடுகள் அந்த ஊர்களில் இன்றும் இருக்கின்றன. அதற்குப் பிறகே, வானில் சுற்றும் நம் செயற்கைக்கோள்களின் வழியாக நடுக்கடலில் உள்ள படகுக்கும் காற்றின் செய்தியைச் சேர்ப்பிக்கும் சிறு கருவிகள் மீனவர் கைக்கு வரத் தொடங்கின.